தேவதாரு நிற்கும் மண்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால், டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல வெயிலுக்கு அஞ்சிச் சிம்லாவை நாடிச் செல்கின்றன. கல்கா வரை பெரிய ரயில். அங்கிருந்து 1903-ஆம் ஆண்டு முதல் மலையேறி வரும் சின்ன ரயில். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இறங்கியதும் நம் கண்கள் தொலைவிலுள்ள பனிச் சிகரங்களைத் தேடுகின்றன. பிறகு வானளாவி நிற்கும் தேவதாரு மரங்களை வியக்கின்றன. காலடியில் கிடக்கும் மண்ணை நோக்குவோர் மிகச் சிலரே.

ஜாக்கூ குன்றுக்கு ஏறும் பாதையில் எங்கள் சிறுவன் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, "அப்பா, இதில் மண்ணைவிடக் கல்தானே அதிகம்! இவ்வளவு பெரிய மரம் இதிலா நிற்கிறது?" என்று கேட்டான். செம்மண், கரிசல், வண்டல், களர் என்று ஊர் மண்ணுக்குப் பெயர் சொல்லிப் பழகிய எனக்கு, அம்மண்ணுக்கு ஒரு பெயரும் நாவில் எழவில்லை. அவனுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாதைக்காக மலையை வெட்டியிருக்கும் இடத்தில் சற்று நின்று பார்த்தால், மண்ணின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். மேலே ஊசியிலைச் சருகு மெத்தைபோல் கிடக்கும். அதன் கீழே கறுத்த மக்கு. அதற்கும் கீழே கல் விரவிய பழுப்பு மண். அடியில் உடைந்த பாறை. தஞ்சை வயலில் ஆளுயரம் தோண்டினாலும் மண்ணே வரும். இங்கோ பல சரிவுகளில் முழங்கால் ஆழத்திலேயே மண்வெட்டி பாறையில் தட்டிவிடும்.

அம்மண்ணிலுள்ள கற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல்லைப்போல் அவை உருண்டு மழுங்கியவை அல்ல. கூரிய முனையும் தட்டையான பக்கமும் உடையவை. இப்பகுதிப் பாறைகள் பல, ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மையுடையவை. அவற்றின் விரிசல்களில் பகலில் நீர் புகுகிறது. குளிர்கால இரவில் உறைகிறது. 11 பங்கு நீர் உறைந்தால் ஏறத்தாழ 12 பங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது பாறையைப் பிளந்து இடம் செய்துகொள்ளும். உளியும் சம்மட்டியும் இன்றிப் பனி செய்யும் கல்லுடைப்பு இது.

நம் நீலகிரியிலும் குளிர் உண்டே என்று கேட்கலாம். நீலகிரி மிகப் பழைய மலை. வெப்பமும் மழையும் நெடுங்காலம் பாறையை உள்ளேவரை இளக்கியமையால், அங்கே பல இடங்களில் மண் ஆழமாக இருக்கிறது. இமயமோ இளைய மலை, இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதன் செங்குத்தான சரிவுகளில் மண் தங்கி முதிர நேரமில்லை.

இனி, சருகின் கதையைப் பார்ப்போம். 1,000 அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 பாகை குறைகிறது. நம் ஊரில் வேப்பஞ்சருகு ஒரு மழைக்காலத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். குளிர்மலையில் நுண்ணுயிர்களும் மெல்லவே இயங்குகின்றன. பிசினும் புளிப்பும் கொண்ட ஊசியிலை மக்க ஆண்டுகள் பல செல்கின்றன. அச்சருகின் வழியே இறங்கும் மழைநீர் புளிப்பேறி, சுண்ணாம்பு முதலிய சத்துகளைக் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. ஆதலால் மேலே கறுத்துச் செழிப்பாகத் தோன்றும் இம்மண், உள்ளே சத்துக் குறைந்து புளித்திருக்கும். அதன் செல்வம் முழுவதும் மேற்பரப்பில் ஒரு சாண் ஆழத்துக்குள் அடங்கியிருக்கிறது எனலாம். மேலாடை போனால் எல்லாம் போயிற்று.

ஒரே மலையிலும் மண் ஒன்றாக இல்லை. வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவு, பனி மெல்ல உருகும், ஈரம் நிற்கும், காடு அடர்ந்திருக்கும். தெற்குச் சரிவில் வெயில் காய்வதால் மண் மெலிந்து, புல்லும் புதருமாக இருக்கும்.

அப்படியானால் தேவதாரு எப்படி நிற்கிறது? அதன் வேர்கள் அகலப் பரவிக் கற்களைத் தழுவுகின்றன. விரிசல் கண்ட இடத்தில் பாறைக்குள் புகுந்து பற்றிக்கொள்கின்றன. வேர்நுனிகளோடு நுண்ணிய பூசண இழைகள் உறவு கொண்டு, எட்டாத இடத்துச் சத்தையும் நீரையும் திரட்டித் தருகின்றன. மரம் தன் சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்கு ஈகிறது. மண்ணால் மரம் நிற்கிறது. மரத்தால் மண் நிற்கிறது.

மலைவாழ் மக்கள் இவ்வுண்மையை நன்கு அறிவார்கள். 'பாஞ்' என்று அவர்கள் அழைக்கும் கருவாலி மரத்தின் சருகைப் பெண்கள் சுமந்து வந்து, மாட்டுத் தொழுவத்தில் பரப்பி, எருவாக்கிப் படிவயல்களுக்கு இடுகிறார்கள். வயலின் உரம் காட்டிலிருந்து வருகிறது. 1970-களில் கட்வால் மலையில் பெண்கள் மரங்களைக் கட்டித் தழுவிக் காத்த சிப்கோ இயக்கத்தை வெறும் மரப்பற்று என்று எண்ணலாகாது. அது மண்ணையும் நீரையும் காக்க எழுந்த இயக்கம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். சிம்லா மாவட்டத்தில் தோன்றும் கிரி ஆறு யமுனையில் கலக்கிறது. டில்லி அருந்தும் நீரில் யமுனைக்குப் பெரும்பங்கு உண்டு. சருகு மெத்தை மழையைத் தாங்கி, மக்கு அதை உறிஞ்சி, கல்லிடுக்கு மெல்லக் கசியவிடுவதால் மழை ஓய்ந்த பின்னும் மலை ஊற்றுகளில் நீர் வருகிறது. மண் வழிந்துவிட்டால் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி.

இன்று இம்மண்ணுக்குப் பல துன்பங்கள். கோடையில் பைன் சருகில் பற்றும் தீ, மழை வருமுன் நிலத்தை வெறுமையாக்குகிறது. வீதிக்கும் விடுதிக்கும் சரிவின் அடி வெட்டப்படுகிறது. வெட்டிய மண் ஓடைகளில் கொட்டப்படுகிறது. 2023 ஆகஸ்டில் பெருமழையின்போது சிம்லாவில் தேவதாருக்கள் மண்ணோடு சாய்ந்தன. சம்மர்ஹில் பகுதியில் சிவன் கோயில் ஒன்று சரிவில் புதைந்து, வழிபட வந்தோர் உட்பட 20 பேர் மாண்டனர். நாம் ஏறிச் செல்லும் அச்சின்ன ரயிலின் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

விரலளவு மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அது வழிந்தோட ஒரு மழை போதும். ஆகவே, விருந்தினராகச் செல்லும் நாம் சில நெறிகளையேனும் கடைப்பிடிப்போம். பாதையை விட்டுக் குறுக்கே இறங்கிச் சரிவைச் சிதைக்க வேண்டாம். காட்டில் தீ மூட்ட வேண்டாம். பூந்தொட்டிக்கென்று கறுத்த மலைமண்ணைப் பையில் நிரப்பி வர வேண்டாம்.

என் மகன் அன்று அள்ளிய மண்ணைக் கீழே உதறவில்லை. அந்தத் தேவதாருவின் அடியிலேயே குனிந்து வைத்துவிட்டு, மேலே சிறிது சருகையும் தள்ளி மூடினான்.