நிலத்தடியில் கனலும் நெருப்பு

தீ என்றதும் கொழுந்துவிட்டெரியும் சுவாலையே நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் காடுகளையும் தோட்டங்களையும் அச்சுறுத்தும் கொடிய தீ, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் எரிவதாகும்.

மலாய் மொழியில் 'காம்புட்' எனப்படும் சதுப்பு மண், பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த இலைகளாலும் வேர்களாலும் ஆனது. நீரில் ஊறியிருக்கும்வரை அதில் தீ பற்றாது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டாலோ, அம்மண்ணே விறகாகிவிடுகிறது. மேலே அணைந்த தீ அடியில் வாரக்கணக்கில் கனன்று, வேறோரிடத்தில் மீண்டும் தலைகாட்டும். அதன் புகையே நம்மைச் சூழும் புகைமூட்டத்திற்குப் பெருங்காரணம்.

1997 செப்டம்பரில் சரவாக்கிலும், 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகம், கோல சிலாங்கூர் வட்டாரங்களிலும், 2013 ஜூனில் மூவார், லேடாங் மாவட்டங்களிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்புகையில் பெரும்பகுதி அண்டை நாட்டுச் சதுப்பு நிலங்களிலிருந்து வந்ததாகும். எனினும், நம் சதுப்பு மண்ணும் அதே இயல்புடையதே. புவி வெப்பமடைந்துவரும் இந்நாளில், எல் நினோ ஆண்டுகளின் வறட்சி அதனை மேலும் விரைந்து உலர்த்துகிறது.

தீயை முன்னறிய வழியுண்டா? உண்டு. வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றைக் கணக்கிட்டு, தீ அபாய நிலையைக் காட்டும் வரைபடத்தை மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடுகிறது. துணைக்கோள்கள் வெப்பப் புள்ளிகளைக் கண்டு சொல்கின்றன. ஆயினும், மேகமும் அடர்புகையும் துணைக்கோளின் பார்வையை மறைக்கும்; மண்ணுக்கடியில் கனலும் நெருப்பு அதற்குத் தப்பிவிடவும் கூடும். அங்கே தோட்டத்தில் வாழும் நம் கண்களே காவல்.

அணைப்பதைவிட நனைத்து வைப்பதே நன்று. கோல சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் பழைய வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரக்கன்றுகள் நட்டுவருகின்றனர். சதுப்பு மண்ணிலுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வாய்க்கால் மதகுகளைக் கவனித்து, வறட்சி தொடங்குமுன்னரே நீரைத் தேக்கிவைத்தல் வேண்டும்.

காய்ந்த ஓலையையும் குப்பையையும் எரியூட்டாதிருப்போம். திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றமாகும். சிகரெட் துண்டை அணைக்காமல் வீசாதிருப்போம். தரையிலிருந்து மெல்லிய புகை எழக் கண்டால், அது சிறிதென்று எண்ணாமல், உடனே தோட்ட நிர்வாகத்திடம் கூறி, 999 எண்ணில் தீயணைப்பு மீட்புத் துறையை அழைப்போம்.

இன்று வாய்க்காலில் நாம் தேக்கும் நீர், நாளை நம் பிள்ளைகள் சுவாசிக்கும் தூய காற்றாகும்.