தகரத்துக்கும் கை தைக்கலாம்!

மத்தியான வேளையில் கூரை இடுக்கு வழியாக ஒரு கற்றை வெயில் உள்ளே விழும்போது, அதில் மிதக்கும் தூசியைப் பார்த்திருப்பீர்கள். "அடேயப்பா! இத்தனையையுமா நாம் மூச்சோடு இழுக்கிறோம்?" என்று ஒரு கணம் திகைத்திருப்பீர்கள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கவே, அதை மறந்து ஓடியும் இருப்பீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறிய தச்சுப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரோ, பிள்ளையோ, ஏன், நீங்களேதானோ ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மின்சார ரம்பம் ஓட்டி அலமாரி செய்கிறீர்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் மாவு தூவினாற்போல் மரத்தூள் படிந்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

கண்ணுக்குத் தெரியும் தூளுக்குத் துடைப்பம் போதும். தெரியாத நுண்பொடிதான் பொல்லாதது. அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும்; மூக்கைத் தாண்டி நுரையீரல்வரை போகும். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. அங்கே எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது, மூக்கு, தொண்டை டாக்டரம்மாள், மூக்கில் உண்டாகும் ஓர் அபூர்வப் புற்றுநோய் மரவேலைக்காரர்களையே அதிகம் தேடி வருவதைக் கவனித்தார். அவரும் சக மருத்துவர்களும் ஆராய்ந்து கண்டதை 1968-ல் வெளியிட்டார்கள். 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் மரத்தூளையும் சேர்த்தது. பயந்துவிடாதீர்கள். அந்தத் தொழிலாளிகள் வருஷக்கணக்கில் நாள் முழுதும் தூளிலே நின்றவர்கள். எனினும் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் முன்ஜாக்கிரதை நல்லதல்லவா?

தூசியை உறிஞ்சும் இயந்திரம் கடையில் கிடைக்கிறது. ஆனால் ரம்பத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள குழாய் வழியில்தான் சூட்சுமம் இருக்கிறது. மரத்தூள் தங்காமல் போகவேண்டுமானால் குழாய்க்குள் காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடவேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் எல்போ சட்டென்று மடங்குவது. அதில் முட்டிக்கொள்ளும் காற்று வலுவிழக்கும், சீவல்களும் சிக்கிக்கொள்ளும். தெருமுனையில் மாட்டு வண்டியை அகல வளைத்துத் திருப்புவார்களே, அப்படித்தான் காற்றையும் திருப்பவேண்டும். அப்படிப்பட்ட வளைவு உங்கள் குழாயின் அளவுக்குக் கடையில் கிடைக்கவில்லையா? வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

"தகர வேலை நமக்கு எங்கே வரும்?" என்கிறீர்களா? ரவிக்கைக்குக் கை வெட்டத் தெரியுமானால் இதுவும் வரும். உருளையான குழாயைச் சாய்வாக அறுத்து விரித்தால், ஓரம் ரவிக்கைக் கையின் மேல்விளிம்புபோல் ஏறி இறங்கும். இரகசியம் அவ்வளவுதான்.

100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைச் செங்கோணமாகத் திருப்ப நான்கு துண்டுகள் வேண்டும். 314 மில்லிமீட்டர் நீளமுள்ள கெட்டிக் காகிதம் ஒன்றை நீளவாட்டில் இரண்டாக மடியுங்கள். மடிப்பிலிருந்து உயரம் அளந்து, இரு முனைகளிலும் 27, நட்டநடுவில் 54, முனைக்கும் நடுவுக்கும் இடையே 40 மில்லிமீட்டர் என்று புள்ளி வையுங்கள். முனையிலும் உச்சியிலும் கூர் விழாமல், கைவளைவு வரைவதுபோல் புள்ளிகளைச் சேர்த்து, இரண்டு மடிப்பையும் ஒன்றாக வெட்டுங்கள். விரித்தால் நடுத்துண்டின் மாதிரி. மடித்தபடியே வைத்தால் ஓரத்துண்டின் மாதிரி. தகரத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டவேண்டும். ஓரத்துண்டின் நேர்விளிம்பில் குழாயோடு மாட்ட 40 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். தையலுக்குத் துணி விடுவதுபோல் எல்லாத் துண்டுக்கும் ஒரு பக்கமாக 10 மில்லிமீட்டர் விடுவதையும் மறக்கவேண்டாம்.

துண்டுகளைச் சுருட்டி ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். ஒரு துண்டை அடுத்ததோடு சேர்க்க, இணையும் வளைந்த ஓரத்திலும் 10 மில்லிமீட்டர் விட்டுப் பற்கள்போல் கத்தரித்து, அடுத்த துண்டுக்குள் நுழைக்கவேண்டும். ரம்பத்தின் பக்கத்துத் துண்டு எப்போதும் உள்ளே, இயந்திரத்தின் பக்கத்துத் துண்டு வெளியே. மாற்றி வைத்தால் அந்த விளிம்பிலேயே சீவல் மாட்டிக்கொள்ளும். கடைசியில் இணைப்புகளின் மேல் அலுமினிய ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். கிளைக் குழாயையும் நெட்டுக்குத்தாகச் சேர்க்காமல், காற்று போகும் திசையில் சாய்த்துச் சேர்ப்பதே நல்லது.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மடை வையுங்கள். இரண்டு ஒட்டுப்பலகைச் சட்டங்களில் குழாயளவு துளையிட்டு, நடுவே நகரும் பலகை ஒன்றைச் செருகினால் போதும். வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல், வேலை நடக்கும் கிளையைத் திறந்து மற்றவற்றை மூடிவிடலாம். உறிஞ்சும் பலம் முழுவதும் அங்கே சேரும்.

மூன்று எச்சரிக்கைகள். தகர விளிம்பு கத்தியைவிடக் கூர், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு சாணை பிடிக்கும் இயந்திரத்தை இந்தக் குழாயில் இணைக்கவே கூடாது. ஒரு பொறி போதும், பையிலுள்ள தூள் பற்றிக்கொள்ளும். அந்தப் பையின் நெசவும் மெல்லியதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிடித்த நுண்பொடியைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும்.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ரம்பம் ஓடி ஓய்ந்தபின் பட்டறைக்குள் போய் அந்த வெயில் கற்றையைப் பாருங்கள். கூட்டம் குறைந்திருக்கும். மறுநாள் காலை ஊறுகாய் ஜாடியும் அதற்குச் சாட்சி சொல்லும்!