'அம்மாவுக்கு என்ன செய்யுது?'

டாக்டர் கேட்பது அம்மாவிடம் அல்ல, பக்கத்தில் நிற்கும் மகனிடம். மகன் சொல்லச் சொல்லச் சீட்டு எழுதப்படுகிறது. எழுபத்தெட்டு வயது அம்மா இடையில் பேச வாயெடுத்தால், "வயசாச்சுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சமாதானம். ஊர் எதுவானாலும் புறநோயாளிகள் பிரிவில் தினமும் பார்க்கலாம்.

'வயசாச்சு' ஒரு நோயின் பெயரல்ல. முதுமையில் நோய் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரலாம். நெஞ்சு வலிக்காமல், வெறும் அசதியாக மாரடைப்பு வரலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேத்தியையே யாரென்று கேட்டால், சிறுநீர்த் தொற்றோ, உடலில் சோடியம் குறைந்ததோ, எப்போதோ தலையில் பட்ட அடியின் ரத்தக்கட்டோ காரணமாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. 'மறதி வந்துடுச்சு' என்று வீட்டுக்கு அழைத்துப்போனால்தான் இல்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007-லேயே எழுதியாயிற்று. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் பார்க்காமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசுக் காப்பீடு 2024 அக்டோபரில் வந்தது. தனியார் காப்பீட்டில் 65-ஐக் கடந்தவரைப் புதிதாகச் சேர்க்க மறுக்க இருந்த வழியும் அதே ஆண்டு அடைபட்டது. (பிரீமியத்தைக் கேட்டால் வருகிற தலைசுற்றல் வேறு கணக்கு.)

கூட்டம் அலைமோதும் காலையில், காது மந்தமானவரிடம் நிதானமாகப் பேச நேரமேது என்கிறார்கள் மருத்துவர்கள். இருக்கலாம்.

ஆனால் சம்மதம்? "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்ற கெஞ்சலில் தொடங்கி, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதுவரை வராந்தாவிலேயே முடிவாகிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாய் தந்த சம்மதம் செல்லாது, உயிர் போகும் அவசரம் இல்லையென்றால் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே மகளுக்காகத் தாய் பேசினார். இங்கே, முழு நினைவோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்காக மகன் பேசுகிறார்; யாரும் வழக்குக்குப் போவதில்லை. பாசம் என்று பெயர் வைத்துவிட்டோமே!

மகன் மருந்து வாங்கப் போகிற ஐந்து நிமிடத்தில், ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸிடம்தான் அம்மா மெல்ல ஆரம்பிக்கிறார்: "போன வாரம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேம்மா. சொன்னா தனியா எங்கேயும் விடமாட்டான்."