லாண்ட் குறூசர் வாங்க முதல், எந்த றோட்டில ஓடப்போறீங்கள் எண்டு யோசியுங்கோ

சனிக்கிழமை காலையில் மெல்பேர்ணிலோ சிட்னியிலோ ஏதாவது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் கம்ரியும் கொரோலாவும் வரிசையாய் நின்ற இடத்தில் இப்போது பிராடோ, லாண்ட் குறூசர், ஃபோர்ட் எவரெஸ்ட் என்று உயரம் உயரமாய் நிற்கின்றன. எங்கட ஆக்களை மட்டும் குறை சொல்ல ஏலாது. இந்த நாடே அப்படித்தான் ஓடுகிறது. 2016 முதல் 2022 வரை அவுஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் அதிகம் விற்ற வாகனம் ரொயோட்டா ஹைலக்ஸ். 2023இலும் 2024இலும் அந்த இடத்தைப் பிடித்தது ஃபோர்ட் ரேஞ்சர். இரண்டும் கார் அல்ல, பின்பக்கம் சாமான் ஏற்றும் யூட் வாகனங்கள்.

எங்களுக்கு மட்டும் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊரில் லாண்ட் குறூசர் என்றால் வெறும் வாகனம் இல்லை, அதில் வருகிற ஆளின் தகுதி. அமைச்சர் பஜிரோவில் வருவார். ஐ.நா.காரரும் செஞ்சிலுவைச் சங்கக்காரரும் வன்னிக்குள் வெள்ளை லாண்ட் குறூசரில் வருவினம். கிரவல் றோட்டில் சைக்கிளை ஓரமாய் நிறுத்தி, அது கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு நின்ற பொடியனுக்கு, நாற்பது வயதில் கையில் காசு வந்ததும் அந்த வாகனம்தான் ஞாபகம் வரும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கினால் கதை முடிந்தது. 'குடும்பத்தின் பாதுகாப்புக்கு', 'எங்கயும் போகலாம்' என்று காரணம் சொல்லும்போதுதான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். வாகனத்தின் பின்கதவில் 'ஓல் வீல் டிரைவ்' என்று ஒட்டியிருந்தாலும் 'ஃபோர் பை ஃபோர்' என்று ஒட்டியிருந்தாலும் நாலு சில்லும் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சுபாரு ஃபொரெஸ்டர், ரொயோட்டா ராவ்ஃபோர் போன்றவை ஓல் வீல் டிரைவ் வகை. காரைப் போலவே ஒரே கூடாகக் கட்டப்பட்டவை. வழுக்கும் இடத்தில் எந்தச் சில்லுக்கு எவ்வளவு வலு என்பதை வாகனமே பார்த்துக்கொள்ளும், ஓட்டுபவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. மழை பெய்த தார் வீதி, பண்ணைவீட்டுக்குப் போகும் கிரவல் பாதை, பனி படிந்த மேடு எல்லாவற்றுக்கும் தாராளமாய்ப் போதும். ஃபொரெஸ்டரின் அடிவயிறு நிலத்திலிருந்து 220 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பல யூட்களோடு ஒப்பிட்டாலும் அது குறைவில்லை. ராவ்ஃபோர் ஹைபிரிட்டில் பின்சில்லுகளைச் சுழற்றுவது தனியான ஒரு சின்ன மின்மோட்டார். முன்னால் இருக்கும் எஞ்சினுக்கும் பின்சில்லுக்கும் இடையில் தண்டு எதுவும் இல்லை. வழுக்கும் நேரத்தில் ஒரு தள்ளுக் கொடுக்க அது நல்லது. ஆழமான மணலில் மணிக்கணக்காய் இழுக்கிற வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

லாண்ட் குறூசர், பிராடோ, ஹைலக்ஸ், ரேஞ்சர், சின்ன சுசுகி ஜிம்னி எல்லாம் லொறியைப் போல இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றி வைத்தவை. இவற்றில் இருக்கும் பெரிய வித்தியாசம் லோ ரேஞ்ச் என்கிற இரண்டாவது கியர்த் தொகுதி. லாண்ட் குறூசரில் அது எஞ்சினின் இழுவையை இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலாகப் பெருக்கிக் கொடுக்கும். வேகம் அதே அளவுக்குக் குறையும். செங்குத்தான பாறைப் பாதையில் பிரேக்கில் கால் வைக்காமலே நத்தை மாதிரி இறங்கலாம். சேற்றிலும் மணலிலும் எஞ்சினை அலறவிடாமல் ஊர்ந்து வெளியே வரலாம். ஓல் வீல் டிரைவ் வாகனம் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இழுவை இல்லாமல் அல்ல, மெதுவாய் இழுக்க வழியில்லாமல்.

கடையில் விற்கும்போது பலரும் விளக்கிச் சொல்லாத விஷயம் ஒன்று. ஹைலக்ஸின் பெரும்பாலான ரகங்கள், ஜிம்னி, லாண்ட் குறூசர் 70 எல்லாம் சாதாரண நாளில் பின்சில்லுகள் இரண்டில் மட்டுமே ஓடுகின்றன. நாலு சில்லு இழுவையை நீங்கள்தான் போட வேண்டும். காய்ந்த தார் வீதியில் அதைப் போடக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சில்லு ஓடும் தூரம் வேறு, பின்சில்லு ஓடும் தூரம் வேறு. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் தண்டுகள் முறுக்கேறும், உள்ளே பற்சக்கரங்கள் தேயும். ஆகவே மழை பெய்கிற ஒரு மாலையில், மொனாஷ் நெடுஞ்சாலையில் பின்சில்லு மட்டும் இழுக்கிற, பின்பக்கம் பாரமே இல்லாத ஒரு யூட்டை விட, பக்கத்தில் போகிற ஃபொரெஸ்டருக்குப் பிடி அதிகம். 'ஃபோர் பை ஃபோர் வாங்கினது பாதுகாப்புக்கு' என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். புது பிராடோவும் லாண்ட் குறூசர் 300உம் எப்போதும் நாலு சில்லிலும் ஓடுபவை, அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

சரி, நாங்கள் போகிற இடங்களைப் பார்ப்போம். கிரேட் ஓஷன் றோட் முழுவதும் தார். உளூறு பாறைக்குப் போகும் லசெற்றர் நெடுஞ்சாலையும் தார்தான், அலிஸ் ஸ்பிறிங்ஸில் ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்துப் போய் வரலாம். கெயார்ன்ஸுக்கு வடக்கே டெயின்றீ ஆற்றைப் பாதைப் படகில் கடந்து கேப் றிபியுலேஷன் வரையும் தார். அதற்கு அங்கால் புளூம்ஃபீல்ட் பாதை தொடங்கும் இடத்தில்தான் உண்மையான ஃபோர் பை ஃபோர் வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போகும் இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு ஒரு சாதாரண கார் காணும்.

பத்தாவது இடம் கறி. ஃபிறேசர் தீவு என்று முன்பு சொல்லப்பட்டது, 2023இல் பழங்குடி மக்களின் பெயர் திரும்பக் கிடைத்தது. குயின்ஸ்லாந்தில் இருக்கும் இந்த மணல் தீவுக்குப் போகிறவர்களில் எங்கட குடும்பங்களும் இப்போது நிறைய. கிழக்குக் கடற்கரையே அங்கே நெடுஞ்சாலை, வேகக் கட்டுப்பாடு 80, பொலிஸ் நிற்கும். உள்பாதைகளில் 30. நிலத்திலிருந்து உயரமான, லோ ரேஞ்ச் உள்ள வாகனத்தையே பூங்கா நிர்வாகம் சொல்கிறது. ஆனால் ஒரு லட்சம் டொலர் வாகனமும் அங்கே புதையும். படகு ஏறும் இன்ஸ்கிப் முனையிலேயே புதைந்து நிற்கும் லாண்ட் குறூசர்களின் படங்கள் இணையத்தில் எத்தனையோ. காரணம் எஞ்சின் அல்ல, ரயரின் காற்று.

தார் வீதிக்கு 36, 38 பி.எஸ்.ஐ. அடித்த ரயர் மணலைக் கத்தி மாதிரி வெட்டி இறங்கும். அதையே 18 அளவுக்குக் குறைத்தால் ரயர் நீளவாக்கில் தட்டையாகி, பாரத்தைப் பரப்பி, மணலின் மேல் மிதக்கும். புதைந்தால் இன்னும் 2, 3 குறைக்கலாம். தார் வீதிக்குத் திரும்பியதும் மறக்காமல் அடிக்க வேண்டும், குறைந்த காற்றில் வேகமாய் ஓடினால் ரயர் சூடாகிக் கிழியும். காற்றுமானி ஒன்றும் கையடக்கப் பம்ப் ஒன்றும் வாங்க இருநூறு டொலருக்குள் முடியும். மேலே ஏணி, பக்கத்தில் பந்தல், முன்னால் இரும்புக் கொம்பு என்று பத்தாயிரம் செலவழித்த வாகனத்தில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது அலங்காரம். கடல் நீர் வற்றும் நேரம் பார்த்து ஓடுவது, உயர்நீருக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் கரையில் ஓடாமல் விடுவது, வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்து உப்பைக் கழுவுவது எல்லாம் அதன் பிறகு.

இனி அன்றாடம். இதில்தான் வாகனத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி போகிறது, ஆனால் இதைப் பற்றித்தான் குறைவாய்ப் பேசுகிறோம்.

லாண்ட் குறூசர் 300 கிட்டத்தட்ட 5 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம். 2.4 மீற்றர் அகலமான ஒரு தரிப்பிடத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். இருபக்கமும் ஒரு சாண் மிஞ்சும். அந்தச் சாணுக்குள் கதவைத் திறந்து பிள்ளையை ஆசனத்திலிருந்து எடுக்க வேண்டும். சேலை உடுத்த அம்மம்மா கோயில் வாசலில் அதிலிருந்து இறங்கும்போது யாராவது ஒருவர் கீழே நின்று கை கொடுக்க வேண்டும். முழங்கால் நோவு உள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால் கியா கார்னிவல் மாதிரி இழுகதவு வான் ஒன்று எந்த லாண்ட் குறூசரையும் விட மேல். ஆனால் வானை வாங்க எங்கட ஆண்களுக்கு என்னவோ வெட்கம்.

எண்ணெய்க் கணக்கு வேறு. தயாரிப்பாளர் சொல்லும் அளவுப்படி 100 கிலோமீற்றருக்கு லாண்ட் குறூசர் 300 குடிப்பது 8.9 லீற்றர் டீசல், ராவ்ஃபோர் ஹைபிரிட் நாலு சில்லு ரகம் 4.8 லீற்றர் பெற்றோல். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடினால் முதலாவதற்கு 1,335 லீற்றர், இரண்டாவதற்கு 720. நகர நெரிசலில் இரண்டும் கூடும், டீசல் வாகனம் இன்னும் கூடும்.

டீசலில் இன்னொரு பிரச்சினை, கரித்தூளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. அது தன்னைத்தானே சுத்தம் செய்ய எஞ்சின் நன்றாய்ச் சூடாகி இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 3 கிலோமீற்றர், அங்கிருந்து பள்ளிக்கூடம் 2 கிலோமீற்றர் என்று ஓடுகிற டீசல் வாகனத்துக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். கட்டையான ஓட்டம்தான் உங்கள் ஓட்டம் என்றால், எவ்வளவு பெரிய வாகனம் வாங்கினாலும் டீசலை வாங்காதீர்கள். 2015க்கும் 2020க்கும் இடையில் வந்த ஹைலக்ஸ், பிராடோ டீசல் வாகனங்களின் இந்த வடிகட்டிக் குறைபாடு பற்றிய கூட்டு வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டுகளின் பாவித்த வாகனம் பார்ப்பவர்கள் அது திருத்தப்பட்டதா என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

ஜிம்னியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இளம் பொடியள், பெட்டையள் அதில்தான் கண் வைத்திருக்கினம். காட்டுப் பாதையில் அது உண்மையான சூரன். 1.1 தொன் பாரம்தான், இரும்புச் சட்டம், லோ ரேஞ்ச், பாரம் குறைவென்பதால் பெரிய வாகனங்கள் புதையும் மணலிலும் எழும்பி ஓடும். ஐந்து கதவு ஜிம்னி இந்தியாவில் செய்யப்பட்டு இங்கே வந்தது. ஆனால் மூன்று கதவு ஜிம்னியில் நாலு பேர் இருந்தால் பின்னால் 85 லீற்றர் இடம்தான், ஒரு அரிசிப் பையும் கொஞ்ச மரக்கறியும் வைக்கலாம். நெடுஞ்சாலையில் 110இல் லொறியை முந்த 75 கிலோவாட் எஞ்சின் மூச்சு வாங்கும். மோதல் பாதுகாப்புச் சோதனையில் அதற்குக் கிடைத்தது ஐந்தில் மூன்று நட்சத்திரம். பெற்றோர் வாங்கிக் கொடுக்கும் முதல் வாகனமாக அது வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டாவது வாகனமாக, ஓய்வுநாள் ஓட்டத்துக்கு, அதைப்போல ஒன்றில்லை.

பனிமலைக்கு ஜூலையில் போகிறவர்களுக்கு: நியூ சவுத் வேல்ஸில் கொசியஸ்கோ பூங்காவுக்குள் பனிக்காலத்தில் இரண்டு சில்லு வாகனங்கள் சங்கிலி கொண்டு போவது கட்டாயம், நாலு சில்லுக்காரருக்குக் கட்டாயம் இல்லை. அதனால் வருகிற தைரியம்தான் ஆபத்து. நாலு சில்லு இழுவை மேட்டில் ஏற உதவும், பள்ளத்தில் நிற்க உதவாது. பிரேக் எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லில்தான் இருக்கிறது, பனிக்கட்டியில் இரண்டரைத் தொன் லாண்ட் குறூசர் ஒன்றேகால் தொன் கொரோலாவை விடக் கெதியாய் நிற்காது.

இதே துணிச்சல் உயிரை வாங்குவது வெள்ளத்தில். லாண்ட் குறூசர் 300 எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கேட்டால் விளக்க ஏட்டில் 700 மில்லிமீற்றர் என்று இருக்கும். அது ஓடாமல் நிற்கும் தண்ணீருக்கு, அடி நிலம் உறுதியாய் இருந்தால். 2016இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுகூடம் சிட்னியில் உண்மையான வாகனங்களையே தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தது. செக்கனுக்கு 1 மீற்றர், அதாவது ஆள் ஆறுதலாய் நடக்கும் வேகத்தில் ஓடும் 15 சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு யாரிஸ் காரை நகர்த்தியது. இரண்டரைத் தொன் நிசான் பட்ரோல், லாண்ட் குறூசருக்குச் சமமான வாகனம், அதே போல ஓடும் 45 சென்ரிமீற்றர் தண்ணீரில் நிலை தளம்பியது. 95 சென்ரிமீற்றரில் அது முழுதாய் மிதந்தது. கையால் தள்ளவே போனது.

45 சென்ரிமீற்றர் என்பது வளர்ந்த ஆளின் முழங்காலளவு. கலங்கல் தண்ணீருக்குள் அந்த ஆழத்தை வாகனத்துக்குள் இருந்து கண்ணால் மட்டுப்பிடிக்க முடியாது, கீழே தார் இருக்கிறதா அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதும் தெரியாது. மழைக்காலத்தில் ஊர்ப்புற வேலைக்குப் போகும் எங்கட வைத்தியர்கள், தாதியர்கள், பண்ணையிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் இரவு முறை முடித்து வீடு திரும்புகிறவர்கள் வெளிக்கிட முதல் வீதி மூடல் விபரத்தைப் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் 'கியூ.எல்.டி. ட்ராஃபிக்', நியூ சவுத் வேல்ஸில் 'லைவ் ட்ராஃபிக்' என்ற அரச இணையத்தளங்களில் எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்பதைப் போட்டிருப்பார்கள். தொலைபேசித் தொடர்பு அறுபடும் இடங்கள் நிறைய இருப்பதால், மாற்றுப் பாதையையும் வீட்டில் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.