உங்களுக்குத் தெரியுமா? எட்டிப் பார்த்த கண்கள்!

தெமியாங் பக்கத்துத் தோட்டங்களில் பலகைச் சுவர் லயத்தில் வளர்ந்தவரா நீங்கள்? பலகை இடுக்கின் மகிமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலை உலகமே அந்த இடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்கிறது!

'சிறைப்புறம்' தெரியுமா? சங்கப் பாட்டுகளில் தலைவன் வேலியோரம் ஒளிந்து நின்று, தலைவியும் தோழியும் பேசுவதைக் கேட்பான். அதற்கென்றே நம் முன்னோர் வைத்த தனிச்சொல் அது! அதைவிட வேடிக்கை, அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். தெரியாதவள் போலவே, "வீட்டில் காவல் கூடிவிட்டது, ஊரும் பேசுகிறது" என்று சத்தமாகச் சொல்வாள். சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யட்டும் என்றுதான்! ஒட்டுக்கேட்டவனுக்கே பொறி! இப்படி ஒன்றல்ல, குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு என்று எங்கே புரட்டினாலும் வேலியோரம் ஒருவன் நிற்கிறான்!

இலங்கையில் சீதையைத் தேடிய அனுமனுக்கு இரவில் வீடு வீடாகப் பார்க்க வேண்டியிருந்தது. உறங்கும் பிறர் மனைவியரைப் பார்த்தது தவறோ என்று வால்மீகியின் அனுமன் கலங்குகிறான்! மனம் அலையவில்லையே என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான். பார்த்ததற்காக வருந்திய கதாநாயகன்! உலக இலக்கியத்தில் இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

'பொன்னியின் செல்வன்' கதையில், கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதி. வந்தியத்தேவன் ஒளிந்து பார்க்கிறான். மதில்மேல் ஆழ்வார்க்கடியான் தலை! ஒரே சதிக்கு ஒளிந்திருந்த சாட்சிகள் 2! அந்தத் தொடர் தொடங்கிய ஆண்டு 1950.

குளித்துக்கொண்டிருந்த தேவதை டயானாவைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட கிரேக்க வேடன் மானாக மாறினான். அவனுடைய வேட்டை நாய்களே அவனைக் கடித்துக் குதறின! அந்தக் கதையை டிஷியன் தீட்டிய ஓவியத்துக்கு 2009-ல் பிரிட்டன் கொடுத்த விலை? 5 கோடி பவுண்டு!

சுசன்னா குளிப்பதைக் கிழவர்கள் ஒளிந்து பார்த்த பைபிள் கதையை, 1610-ல் அர்த்தெமிசியா ஜெண்டிலெஸ்கி வரைந்தார். ஆண்கள் வரைந்த சுசன்னாக்களில் பலர் தங்கள் அழகைக் காட்டி நிற்பார்கள். இவருடைய சுசன்னா அருவருத்து முகம் திருப்புகிறாள்! வரைந்தவருக்கு வயது வெறும் 17!

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் சுவர் ஓட்டையை ஓர் ஓவியம் மறைக்கும். என்ன ஓவியம்? அதே சுசன்னா கதை! எட்டிப் பார்ப்பதை மறைக்க எட்டிப் பார்க்கும் படம். குசும்பு!

'சைக்கோ' வெளியான 1960-லேயே வந்தது மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்'. கொலை செய்வதைப் படமெடுக்கும் கேமராக்காரன் கதை. 'சைக்கோ' வசூலை அள்ளியது. பவலின் தொழிலோ கவிழ்ந்தே போனது!

18 ஆண்டு கழித்துத் தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. கமல் செய்யும் கொலைகள் படமாகின்றன. உட்கார்ந்து பார்ப்பவர் வளர்ப்புத் தந்தை! 1980-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இதை இந்தியிலும் பாரதிராஜாவே எடுத்தார்!

சினிமாவே முதலில் ஓட்டை வழிதான்! எடிசனின் படப்பெட்டிக்குள் ஒருவர் மட்டுமே குனிந்து பார்க்கலாம். நியூயார்க்கில் முதல் கூடம் திறந்த நாள் 1894 ஏப்ரல் 14. நாம் இப்போது புத்தாண்டு கொண்டாடும் அதே தேதி! பெட்டிகள் 10. ஐந்து பெட்டி பார்க்க 25 சென்ட்!

தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்டபோது நாம் என்ன செய்தோம்? முன்னால் இடமில்லாமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அங்கே எம்.ஜி.ஆர். வாள் வீசியது இடது கையால்!