மிதிக்கும் உடல்: தூரமும் நேரமும் குறித்துச் சில குறிப்புகள்

1971 ஜூன் 26, மாலை 4.15. கேரளத்தில் கொரட்டி என்ற ஊர். ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஷிப்ட் 4.30க்கு. ஆலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். பின்னால் வந்த லாரி அடித்துவிடுகிறது. காறையெலும்பு முறிந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அடித்த லாரி அவர் வேலை பார்த்த கம்பெனியின் லாரிதான். இ.எஸ்.ஐ. சட்டப்படி இது 'வேலையால் ஏற்பட்ட காயம்' என்று அவர் கேட்கிறார். வழக்கு இருபத்தைந்து வருஷம் ஏறி இறங்கி, 1996 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 'இல்லை' என்று முடித்துவைக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் ஒருவனுக்கு நேர்வது வேலையிலிருந்து விளைந்ததாகாது. ரோடு எல்லோருக்கும் பொதுவானது. அங்கே அவன் மற்றவர்களைப் போல ஒரு வழிப்போக்கன். தீர்ப்பின் சாரம் இவ்வளவே.

ஷிப்டுக்கு ஒரு கால் மணி நேரம் முந்தி, மில் சட்டையோடு, சோத்துப் போசியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஒரு மனிதன் வேறு எதற்காக அந்த ரோட்டில் மிதித்துக்கொண்டு போவான் என்று சட்டம் கேட்கவில்லை. எட்டு மணி நேர வேலை பற்றி நமது சங்கங்களும் மார்க்சியர்களும் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த எட்டு மணி நேரத்தின் வாசலுக்கு ஒரு உடல் வந்துசேர எடுக்கும் நேரம் யார் கணக்கு என்பதை நாமும் அதிகம் பேசவில்லை. முதலாளி கணக்கில் அது இல்லை. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை வேண்டும் என்பதோடு நின்றுவிடும். வீட்டிலோ "இன்னும் வரலை" என்பதோடு சரி.

நான் கோவையில் ஒரு நூற்பு மில்லில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். ஊரிலிருந்து மில்லுக்கு 11 கிலோமீட்டர். அத்தனை வருஷமும் சைக்கிள்தான். ஆகவே கொஞ்சம் கணக்குப் போடலாம். போரடிக்கும், ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும். உடலைப் பற்றி இவ்வளவு கோட்பாடு பேசுகிற நாம் அது ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மிதிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

என்னுடையது சாதாரண கறுப்பு ஜென்ட்ஸ் வண்டி. 28 அங்குலச் சக்கரம். முன்னால் செயின்வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் போகும். ஆக, 11 கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் மிதி. நிமிஷத்துக்கு 45 சுற்று என்பது அவசரமில்லாமல் மூச்சு வாங்காமல் மிதிக்கிற வேகம். அப்படிப் போனால் 45 நிமிஷம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடந்து போகிறவனைவிட மூன்று மடங்கு. சமதளத்தில், காற்றில்லாதபோது, நல்ல ரோட்டில், டியூபில் காற்றுச் சரியாக இருந்தால் வரும் கணக்கு இது.

காற்று இல்லாமலிருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அதன் வழியே மேல்காற்று அடித்துக்கொண்டு வரும். எங்கள் ஊர் மேற்கே, மில் கிழக்கே. காலையில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அரை மணியில் மில்லில் இருப்பேன். சாயந்திரம் நாலரைக்கு ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் அதே காற்று நெஞ்சில் நிற்கும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பது பௌதிகம். அதாவது நான் போகிற வேகத்திலேயே காற்றும் எதிரே வந்தால் தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நின்ற கால் அந்த நான்கு மடங்கை எங்கே போய் வாங்கும்? ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வேட்டி கட்டியவன் பாடு இன்னும் மோசம், அது பாய்மரம்.

பஞ்சும் அதே ரோட்டில்தான் வந்தது. மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் போக்குவரத்து பண்டத்தின் மதிப்பைக் கூட்டுகிறது என்று விளக்குகிறார். பஞ்சுப் பொதி லாரியில் ஏறி வருகிற செலவு நூலின் மதிப்பில் சேர்ந்துவிடும். அந்த நூலை நூற்க வேண்டிய உழைப்புச் சக்தி என்ற பண்டமோ தன்னைத் தானே கேரியரில் ஏற்றி மிதித்துக்கொண்டு சந்தைக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. பஸ் காசும், சைக்கிள் பஞ்சர் ஒட்டிய காசும் உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்திச் செலவில், ஆகவே கூலியில், அடக்கம்தான் என்று ஒருவர் வாதிடலாம். சரி, காசு அடங்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் மணி நேரம் எதில் அடங்கும்? 1948 தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு கட்டியது. அந்தக் கடிகாரம் கேட்டுக்கு உள்ளேதான் ஓடியது. பத்து நிமிஷம் பிந்தினால் கேட் சாத்திவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. காற்று எதிரே அடித்தது என்று டைம் ஆபீசில் சொல்லிப் பாருங்கள்.

இந்த இடத்தில் இவான் இல்லிச்சைப் பேசாமல் போக முடியாது. 1970களின் நடுவில் வந்த அவரது 'எரிசக்தியும் சமத்துவமும்' என்ற சிறு நூலில் ஒரு கணக்கு வருகிறது. சராசரி அமெரிக்கன் காரில் உட்காரும் நேரத்தோடு, அந்தக் காருக்கும் பெட்ரோலுக்கும் வரிக்கும் சம்பாதிக்கச் செலவிடும் நேரத்தையும் சேர்த்தால் வருஷத்துக்கு 1,600 மணிக்கு மேல். அவன் போகும் தூரம் 7,500 மைல். வகுத்தால் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. நம் கணக்கில் எட்டு கிலோமீட்டர். சைக்கிள்காரன் இதைவிட வேகம். இல்லிச்சின் முடிவு: ஒரு எல்லைக்கு மேல் வேகம் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, சிலருக்கு வேகத்தைக் கொடுத்துப் பலருடைய நேரத்தைப் பிடுங்குகிறது. முதல்முறை படித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். நம்ம வண்டிக்கு ஒரு தத்துவம் கிடைத்துவிட்டது!

பிறகு இட்டேரி ஞாபகம் வந்தது.

எங்கள் வளவிலிருந்து ஊர்த்தெரு வழியாகப் போனால் 600 மீட்டரில் தார் ரோடு. சைக்கிளில் இரண்டரை நிமிஷம். ஆனால் வளவிலிருந்து வருகிறவன் அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ள வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகிக்கொள்ள வேண்டும். "ஏன்டா, சீட்டுல உக்காந்துட்டே போறயா? இறங்குனா கால் தேஞ்சா போயிரும்?" மீசை முளைக்காத பையன் என் அப்பனிடம் கேட்டது. "இல்லீங் சாமி, மறந்துட்டனுங்" என்றார் அப்பன். அவருக்கு அப்போது வயது ஐம்பதுக்கு மேல். மறதியெல்லாம் ஒன்றும் இல்லை, அன்றைக்கு அரை மணி பிந்திவிட்டது. பொதுப்பாதையில் ஒருவனைத் தடுப்பது குற்றம் என்று 1955லேயே சட்டம் வந்துவிட்டது. நான் சொல்வது 1980கள்.

நான் இறங்கித் தள்ளக் கூடாது என்று முடிவு செய்தவன். அதைப் பெரிய கலகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்து போகிற தைரியமும் எனக்கு இல்லை. தெருவையே விட்டுவிட்டு, கிளுவை வேலிகளுக்கு நடுவே இட்டேரியில் சுற்றிக்கொண்டு போனேன். அது இரண்டு கிலோமீட்டர். வண்டித் தடத்தில் மணல், ஓரத்தில் வேலமுள். பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷம், பஞ்சர் ஆகாமலிருந்தால். இல்லிச் போட்ட மாதிரியே நானும் ஒரு கணக்குப் போட்டேன். நேர்வழிக்கும் சுற்றுவழிக்கும் ஒருதரத்துக்குப் பத்து நிமிஷம் வித்தியாசம். போக வர இருபது. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை என்றால் 6,000 நிமிஷம், அதாவது நூறு மணி நேரம். பன்னிரண்டரை ஷிப்ட். வருஷத்தில் பன்னிரண்டரை ஷிப்டை நான் ஊர்த்தெருவுக்கு வரியாகக் கட்டினேன், கூலியில்லாமல். இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இதைவிடக் குறைவான நேரமே ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 600 மீட்டரைத் தள்ளிக் கடக்க ஒன்பது நிமிஷம் போதும். மானத்துக்கும் நிமிஷக் கணக்கு உண்டு என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அரைநைட் ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பி வரும்போது மட்டும் ஊர்த்தெரு வழியே உட்கார்ந்தே போவேன். டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிட்டு, வெளிச்சமும் சத்தமும் இல்லாமல். டவுனுக்குள் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரன் பிடிப்பான், இங்கே விளக்கோடு போனால் ஊர்க்காரன் பிடிப்பான். நாய்கள் மட்டும் சாதி பார்க்காமல் எல்லோரையும் துரத்தின.

இல்லிச்சின் சைக்கிள்காரன் ஒரு சுத்தமான உடல். அவனுக்குச் சாதி கிடையாது. தெரு அவனுக்கு ஒரு கோடு. வேகம் சமூக உறவு என்று கண்டுகொண்ட அவர், தூரத்தை ஏதோ இயற்கை போல விட்டுவிட்டார். எங்கள் வெளியில் தூரத்தையும் உற்பத்தி செய்கிறார்கள். அதே இரு புள்ளிகளுக்கு இடையே கவுண்டர் வீட்டுப் பையனுக்கு 600 மீட்டர், எனக்கு இரண்டு கிலோமீட்டர். சர்வேக்காரன் வைத்திருக்கும் சங்கிலியில் இந்த அளவு வராது.

இந்த அளவை அரசு எடுக்கவே எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டார்கள். சைக்கிளில் போவோர் சுமார் 2 கோடியே 63 லட்சம். நடந்து போவோர் நாலரைக் கோடி. காரில் போவோர் சுமார் 54 லட்சம். அதாவது சைக்கிள்காரர்களில் ஐந்தில் ஒரு பங்கு. நம் ரோடுகளும் மேம்பாலங்களும் யாருக்காகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த அட்டவணை 'பிற தொழிலாளர்' என்ற பிரிவுக்கு மட்டுமானது. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத்தொழில் செய்வோர் அதில் இல்லை. அதே கணக்கெடுப்பில் விவசாயக் கூலிகள் மட்டும் 14 கோடிக்கு மேல். விடிவதற்குள் தூக்குவாளியோடு ஐந்தாறு கிலோமீட்டர் போய் நடவு நட்டுவிட்டு வருகிறவளுக்கு, அரசுக் கணக்கில் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே தூரமே கிடையாது.

பெண்கள் என்று வரும்போது புதுக்கோட்டையைச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். இது அரசு தன் எதிர்ப்பை உள்வாங்கும் உத்தி என்று அப்போது நாங்கள் சில பேர் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சை இன்று நான் வைத்துக்கொள்ள மாட்டேன். பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளை விரும்பினார்கள். காரணம் எளிது: முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் குடத்தையோ சுமையையோ கட்டலாம். ஆண் வேலைக்குப் போகும் தூரம் ஒரு நேர்கோடு. பெண்ணுடையது பள்ளிக்கூடம், தண்ணீர், ரேஷன் கடை எல்லாவற்றையும் தொட்டு வளைகிற கோடு. அதை நடந்து கடக்கும்போது நாளே போய்விடும். பஸ்ஸுக்காகவும் புருஷனுக்காகவும் காத்திருந்த நேரம் கையில் வந்ததுதான் அங்கே நடந்த காரியம்.

மறுபடி சட்டத்துக்கு வருவோம். கொரட்டிக்கு முன்னாலும் இப்படித்தான். 1958ல் ஒரு வழக்கு: உப்பளத்துத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும்போது ஓடையில் படகு கவிழ்ந்து செத்தார்கள். பொதுப் படகுத்துறைக்கு வந்த பிறகு முதலாளி பொறுப்பில்லை என்றது உச்சநீதிமன்றம். வேலையிடத்தை வாசலுக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் நீட்டிப் பார்க்கலாம் என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்டே இப்படிச் சொன்னார்கள். 2010ல்தான் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும்போது நேரும் விபத்தும் வேலையால் நேர்ந்ததே. சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்பட்டால் போதும். 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் இதே பார்வையை 1923 இழப்பீட்டுச் சட்டத்துக்கும் நீட்டியது. ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, விடிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இறந்துபோன வழக்கு அது. விபத்து நடந்தது 2003ல். குடும்பம் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது.

நல்ல தீர்ப்புதான். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. 'இடம்' என்றால் எந்த இடம்? இட்டேரியில் டிராக்டர் ஏறி நான் செத்திருந்தால் கம்பெனி வக்கீல் முதலில் என்ன கேட்டிருப்பார்? 600 மீட்டரில் நேர்வழி இருக்க, இவர் ஏன் வேலிக்காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போனார், சொந்த வேலையாகப் போனாரா? அதற்குப் பதில் சொல்ல என் பொண்டாட்டி கூண்டில் ஏறி ஊர்த்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் சாயந்திரம் அதே ஊருக்குத் திரும்பி வர வேண்டும்.

தூரத்தை உற்பத்தி செய்வதில் ஊரைவிட நகரம் கெட்டிக்காரத்தனமானது. சென்னையில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைகளைப் பிடுங்கி, 2000 முதல் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல் பெயரையும் மாற்றியாயிற்று. நகரின் மையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது கண்ணகி நகர். பெரும்பாக்கம் அதற்கும் அப்பால். முன்பு மூன்று கிலோமீட்டர் மிதித்துப் போய் மீன் விற்றவர், ரிக்‌ஷா ஓட்டியவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் எல்லோரும் ஒரே நாளில் சைக்கிள் எட்டாத தூரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருபது கிலோமீட்டரை என் கணக்கில் போட்டால் 3,600 மிதிக்கு மேல், ஒன்றரை மணி நேரம், அதுவும் ஓ.எம்.ஆர். ரோட்டில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே. யாரும் மிதிக்கமாட்டார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை; இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது, கூலியில் மிச்சமாகிற அந்தக் காசு பெரிய காசு. ஆனால் காலை ஆறரைக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டியவள் ஐந்து மணிக்கு ஸ்டாப்பில் நிற்கிறாள். பஸ் எப்போது வரும் என்பது அவள் கையில் இல்லை.