நின்று கெடும் இயந்திரம்

இயந்திரம் ஓடினால் தேயும். ஓடாமல் நின்றால் கெடாது என்பது பொதுவான எண்ணம். பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிளைப் பேணுவோர் இதனை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பேர்மிங்காம் நகரத்துப் பி. எஸ். ஏ. தொழிற்சாலையில் உருவான எம். 20 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒற்றை உருளை எஞ்சின் இதற்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்குப் பெருந்தொகையாக வழங்கப்பட்ட வண்டி இது. இன்றும் இங்கிலாந்தில் பலர் இதனைப் போற்றி வைத்திருக்கின்றனர். குளிர்காலத்தில் பனியுறையாதிருக்க வீதிகளில் உப்புத் தூவுவர். உப்போ இரும்பின் பகை. ஆகவே நவம்பர் மாதமளவில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, இளவேனிலில் வெளியே எடுப்பர்.

இடைக்காலத்தில் வாரந்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை முடுக்கிவைப்பது நல்லதென்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் அதுவே கேடு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சினிலிருந்து அவ்வாவி வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினிலோ அது நீராகப் படிந்து, எண்ணெயுடன் கலந்து, உள்ளுறுப்புக்களை அரிக்கும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றி, பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெயை ஊற்றவேண்டும். காபுரேற்றரிலுள்ள பெற்றோலையும் வடித்துவிடுக. 2021 ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் பிரித்தானியாவின் சாதாரண பெற்றோலில் நூற்றுக்குப் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகின்றது. அது நீரை ஈர்ப்பது. பழைய இறப்பர் உறுப்புக்களுக்கும் ஊறு செய்வது. அடுத்து, இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் முசலத்தை நிறுத்தினால் ஈரக்காற்று உருளைக்குள் புகாது. பற்றரியைக் கழற்றி, இடையிடையே மின்னேற்றுக. சில்லுகள் நிலத்தில் அழுந்தாதவாறு வண்டியைத் தாங்கியில் ஏற்றுக. போர்ப்பதற்குப் பருத்தித் துணியே ஏற்றது. பிளாத்திக்கு உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும்.

இன்னுமொன்றை மறத்தலாகாது. இவ்வகை வண்டிகளில் எண்ணெய் தனித் தாங்கியில் இருக்கும். மாதக்கணக்கில் நிற்கும்போது, அது பம்பியைக் கடந்து சிறிது சிறிதாக எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் இறங்கிவிடும். இதனைத் தடுக்கச் சிலர் எண்ணெய்க் குழாயில் அடைப்பானொன்றைப் பொருத்துவர். அதைத் திறக்க மறந்து எஞ்சினை முடுக்கினால், எண்ணெயின்றிச் சில நிமிடங்களிலேயே எஞ்சின் பாழாகும். அடைப்பானை நம்புவதிலும், இளவேனிலில் அடிப்பெட்டியின் எண்ணெயை வடித்துவிட்டுத் தாங்கியை நிரப்புவதே பாதுகாப்பானது.

எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் உடனே வீதிக்கு விரைதல் வேண்டாம். எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். சுற்றிவந்த எண்ணெய் மீண்டும் தாங்கிக்குள் விழுவது கண்ணுக்குத் தெரிந்தால், பம்பி தன் கடமையைச் செய்கின்றது என்று அறியலாம். அதன்பின் புறப்படலாம்.